கையை எடு

இடி என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தது அவள் தம்பி. பள்ளிக்கூட பேண்டு குழுவில் பெரிய டிரம்மைச் சுமக்க ஆள் கிடைக்காமல் அதை அவள் தலையில் கட்டினார்கள். முதல் நாள் அவள் அடித்த அடியில் தலைமையாசிரியர் அறை ஜன்னல் அதிர்ந்தது. "எங்கக்கா அடிச்சா இடி இறங்குன மாதிரி" என்று தம்பி வகுப்பு வகுப்பாகச் சொல்லித் திரிந்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்திமூன்று வயதிலும் அவளை யாரும் வேறு பெயரால் கூப்பிட்டதில்லை.

வேலை, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில். அவள் இருந்தது மடிப்பு மேசையில். விரிப்பின் இரண்டு முனையை ஒருத்தி பிடிக்க, எதிர்முனை இரண்டையும் இன்னொருத்தி பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. எதிரில் நிற்பவளை ஜோடி என்பார்கள். இடியின் எதிரில் எட்டு வருஷமாக ஒரே பெண்தான் நின்றாள். அதனால் அவள் பெயரே ஜோடி என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திரங்கள் ஓடாது. முதலாளியம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த நேரத்தில் கூடத்தின் பின்பக்கத்தைப் பாட்டுப் பயிற்சிக்கு வாங்கியிருந்தாள் இடி. குழுவின் பெயர் கொதிகலன். மொத்தம் நான்கு பேர். டிரம்ஸ் இடி. கிடார் தம்பி, அவன் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், பழைய போன்களின் வயிற்றைக் கிழித்து எடுத்த சாமான்களில் கிடாருக்கு விதவிதமான ஒலிப்பெட்டிகள் செய்வான். பேஸ் கிடார் நெட்டை; பஸ் டிரைவர், உட்கார்ந்தால்கூட மற்றவர்கள் நிற்கும் உயரம். கீபோர்டு டீச்சர், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துபவள், தாளம் தப்பினால் பிள்ளைகளை முறைப்பதுபோல முறைப்பாள். பாடுவதற்கென்று தனி ஆள் இல்லை. அன்றைக்கு யாருக்குத் தொண்டை நன்றாக இருக்கிறதோ அவர் கத்துவார். முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் வேறு கூட்டம் என்று நினைத்து வழிதவறி வந்தவர்கள்.

ஆனாலும் இடிக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது. வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு மடித்ததை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெளுத்து வாங்குவாள்.

சலவைக்கூடத்தின் சூப்பர்வைசருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போது கை சும்மா இருக்காது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவளால் அந்தக் கையைத் தட்டிவிட முடியாது. விட்டால் துணி தரையில் விழும். விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும். யார் விட்டது என்று கேள்வி வரும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விரிப்பு கையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். முதல் சில மாதம் இடியின் தோளோடு நின்றது. ஒரு வியாழக்கிழமை, "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே கை தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது, முதுகிலும் நிற்கவில்லை. எதிரில் நின்ற ஜோடியின் முகம் வெளுத்ததை இடி பார்த்தாள். விரிப்பை விட்டாள்.

"கையை எடு."

துணி உலர்த்தும் டிரையர்கள் போட்ட இரைச்சலில் அது ஜோடிக்குக்கூட அரைகுறையாகத்தான் கேட்டது. அந்த ஆள் கீழே விழுந்த விரிப்பைப் பார்த்துச் சிரித்தான். "என்னம்மா, துணியை விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுத் தவறுப் புத்தகத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனான்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "அவர் உங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி. தட்டிக்கொடுத்தா தப்பா? போம்மா, போய் வேலையப் பாரு" என்றாள் அந்த அம்மாள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஞாயிறு இடி மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். டிரம்ஸ் பக்கம் போகவில்லை. நான்காம் நம்பர் டிரையரின் கதவைத் திறந்தாள். ஓர் ஆள் உள்ளே உட்காரும் அளவுக்கு வட்டமான இரும்பு வயிறு, ஓட்டை ஓட்டையாக, ஜில்லென்று. தலையையும் தோளையும் உள்ளே விட்டுக் கத்தினாள். குரல் சுற்றிச் சுற்றி வந்து அவள் மேலேயே விழுந்தது. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக ராகமாக மாறியது.

*கையை எடு
என் தோள் உன் மேசை இல்ல
கையை எடு
என் முதுகு உன் சுவர் இல்ல
மூணு வரைக்கும் எண்ணுவேன்
ரெண்டு முடிஞ்சாச்சு*

தலையை வெளியே எடுத்தபோது மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். நெட்டை குனிந்து டிரையருக்குள் எட்டிப் பார்த்தான், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. "மறுபடி பாடு" என்றான். தம்பி மைக்கை எடுத்து வந்து டிரையருக்குள் தொங்கவிட்டான்.

"என்ன பாட்டு இது?" என்று டீச்சர் கேட்டாள்.

"சும்மா" என்றாள் இடி.

தம்பி அந்தப் பதிவைக் கடைக்கு எடுத்துப்போனான். அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பாட்டு ஆளே மாறியிருந்தது. வேகத்தைப் பாதிக்குப் பாதி குறைத்திருந்தான். அவன் செய்த எக்கோ பெட்டியில் குரலை ஊறப்போட்டு, அதன்மேல் கிடாரை மேகம் மேகமாக அடுக்கியிருந்தான். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்தபின் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைகூடப் புரியலையேடா" என்றாள் இடி.

"அதுதான்க்கா அழகு."

அழகாகத்தான் இருந்தது; அதை அவளால் மறுக்க முடியவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னது மாதிரியும் ஆச்சு, யாருக்கும் தெரியாத மாதிரியும் ஆச்சு என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பின்னாளில் அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

பாட்டு இணையத்தில் போனது. கொதிகலனின் கூச்சலைக் காது கொடுத்துக் கேட்காத உலகம், இதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டது. இப்படிக் கனவில் மிதக்கிற இசைக்கு ட்ரீம் பாப் என்று பெயர் என்று யாரோ எழுதியதைப் படித்துத்தான் அவர்களுக்கே தெரிந்தது. அதன்பின் எல்லாப் பாட்டையும் டிரையருக்குள் பாடினார்கள். வெந்நீர்க் குழாய் முனகுவதைப் பதிவு செய்தார்கள், நீராவி இஸ்திரி மூச்சு விடுவதைப் பதிவு செய்தார்கள், பதிவைப் பின்பக்கமாக ஓட்டினார்கள். டீச்சர் ஒரே ஸ்வரத்தை ஆறு நிமிஷம் அழுத்திப் பிடித்திருப்பாள். "வகுப்புல கைகட்டி உக்காரச் சொன்னா இப்படித்தான் இருக்கும்போல" என்பாள். கச்சேரிக்கு வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நூறு பேர், பிறகு ஐந்நூறு பேர்.

ரசிகர்கள் அந்த முதல் பாட்டின் வரிகளைத் தாங்களே கேட்டு எழுதி இணையத்தில் போட்டிருந்தார்கள். தொடக்கம் இப்படி இருந்தது: *கையைக் கொடு.*

படித்துவிட்டு இடி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப்பின் ஐந்நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குரலில் "கையைக் கொடு" என்று அவளோடு சேர்ந்து பாடியபோது சிரிப்பு வரவில்லை.

பிறகு ஓர் இசைக் கம்பெனிக்காரர் வந்தார். மெல்லப் பேசுவார், எல்லோரையும் "கண்ணா" என்பார். "கொதிகலன்னு பேரு இருந்தா யாரு கண்ணா தலையணை பக்கத்துல வெச்சுக் கேப்பாங்க?" என்றார். குழுவின் பெயர் பஞ்சுமேகம் என்று ஆனது. இடியின் டிரம்ஸ் குச்சிகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் கையில் இரண்டு தூரிகைகளைக் கொடுத்தார்கள், கம்பி விசிறிபோல விரிந்தவை. "தலையணையைத் தட்டுற மாதிரி தட்டு, போதும்" என்றார் கம்பெனிக்காரர். படங்களில் தம்பி முன்னால் நின்றான், நீளமாக முடி வளர்த்து. இடி பின்னால், பாதி புகையில்.

அந்தச் சூப்பர்வைசர் சலவைக்கூடத்தின் இரண்டாவது கிளைக்குப் போனான். தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். மேலாளராகப் பதவி உயர்வு.

பாட்டு வந்து நான்கு வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் மதிய இடைவேளையில் மடிப்பு மேசைமேல் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் பேட்டி. சுற்றியிருந்த பெண்கள் எல்லாம், "உன் தம்பிடி, உன் தம்பிடி" என்று சத்தத்தைக் கூட்டினார்கள். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று பேட்டி எடுத்தவர் கேட்டார்.

"அது ஒரு கனவுங்க" என்றான் தம்பி, குரலைக் குழைத்துக்கொண்டு. "கடல்ல ஒரு பொண்ணு மிதக்குறா. நான் கரையில நின்னு கையை நீட்டுறேன். முழிச்சதும் எழுதிட்டேன்."

ஜோடி டப்பாவை மூடினாள். பெண்கள் கலையும்வரை பொறுத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அது அந்த ஆளைப் பத்துன பாட்டுதானே?"

இடி திரும்பினாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? எதிர்ல நின்னது யாரு, நான்தானே? முதல் தடவை கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்வேன்னு இருந்தேன். உன் தம்பி என்னடான்னா கடல்ங்கிறான், கரைங்கிறான்."

அன்று மதியம் மடித்த விரிப்புகளில் ஒன்றுகூட முனையோடு முனை சேரவில்லை. நாலு மணிக்கு வேலை முடிந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் தம்பியின் கடைக்குப் போனாள்.

கடை என்றால் எட்டடிக்கு ஆறடி. கண்ணாடி மேசை, விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடி, சின்னச் சின்னத் தட்டுகளில் ரகம் பிரித்த திருகாணிகள். தம்பி ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, சரியான நேரத்துக்கு வந்தே. மெத்தை கம்பெனி ஒண்ணு நம்ம பாட்டை விளம்பரத்துக்குக் கேக்குது. 'கையைக் கொடு, உறக்கம் தருவோம்'னு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஷோரூம் திறப்பு விழாவுல நாமளே வாசிக்கணும்."

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?"

"பாட்டு எழுதினவன்னு கம்பெனிப் பத்திரத்துல என் பேருதானே இருக்கு? அதான்…"

"யாருடா எழுதினவன்? எந்தக் கடல்? எந்தப் பொண்ணு மிதந்தா?"

அவன் பூதக்கண்ணாடி விளக்கை அணைத்தான். "பேட்டியில ஏதாவது சொல்லணும்ல."

"அந்தப் பாட்டுல என்ன சொல்லியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? ஒரு நாளாவது கேட்டியா? நாலு வருஷமாச்சு. 'என்னக்கா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை?"

தம்பி மேசையில் கிடந்த போனின் மூடியை எடுத்துத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது.

"உனக்குக் கேட்டிருக்கு" என்றாள்.

"…அன்னிக்கே கேட்டுச்சுக்கா. டிரையர் பக்கத்துலதானே நின்னேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"நாலு பேர் கேட்டா உன்னைப் பத்தி என்ன பேசுவாங்க? அம்மா காதுக்குப் போனா? அதான் எக்கோவைக் கூட்டினேன். வேகத்தைக் குறைச்சேன். ஒண்ணும் புரியாத மாதிரி… உனக்காகத்தான்க்கா செஞ்சேன்."

இதுதான் பஞ்சுமேகத்தின் பிறப்பு ரகசியம். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய அந்த மேகமும் மூட்டமும், அவள் வாயைப் பொத்திய கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இவன் எக்கோவில் மறைத்திருக்கிறான். மறைத்ததோடு விட்டானா? அதற்கு மேல் ஒரு கனவையும் பூசி, மெத்தைக் கடையில் விற்றுவிட்டான்.

இடி ஒரு திருகாணித் தட்டை எடுத்தாள். கவிழ்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் தரையெல்லாம் சிதறி, மேசைக்கடியில் உருண்டு, வாசல் தாண்டி நடைபாதைவரை ஓடின.

"பொறுக்குடா" என்றாள். "ஒண்ணொண்ணா பொறுக்கு. பொறுக்கிக்கிட்டே யோசி, யாருக்காகச் செஞ்சேன்னு. அந்த ஆளு என் முதுகுல கை வெச்சான். நீ என் வாயில வெச்சே."

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. இடி வரமாட்டாள் என்று நினைத்திருந்த தம்பிக்கு அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது. "அக்கா, தேங்க்ஸ்க்கா" என்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

மெத்தை கம்பெனியின் ஏற்பாடு கண்கொள்ளாக் காட்சி. மேடைக்குப் பதில் நான்கு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல்தான் குழு வாசிக்க வேண்டுமாம். நால்வருக்கும் வெள்ளையில் ராத்திரி உடுப்பு. நெட்டைக்குக் கால்சட்டை முழங்காலோடு நின்றுவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல எவனாவது பார்த்தான்னா நாளைக்கு வண்டி எடுக்க முடியாது" என்று புலம்பினான். டிரம்ஸ் மெத்தையில் அமுங்கி ஒருபக்கமாகச் சாய்ந்தது. இடி அதைத் தூக்கி, மெத்தையை விட்டு இறங்கி, வழுவழு தரையில் வைத்தாள். கம்பெனிக்காரர் ஓடி வந்தார்.

"கண்ணா, மெத்தைமேல இருந்தாத்தானே…"

"மெத்தைமேல அடிச்சா சத்தம் வராது" என்றாள் இடி.

டீச்சரிடமும் நெட்டையிடமும் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கேட்டு முடித்ததும் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு நீ சும்மான்னு சொன்னே. நானும் விட்டுட்டேன் பாரு" என்றாள். நெட்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "எந்த வேகம்?"

நாற்காலிகளில் எண்பது பேர் இருந்தார்கள். மெத்தை கம்பெனி முதலாளி முதல் வரிசையில். இடி எழுந்தாள். அவள் மைக்கின் வயர் தம்பியின் எக்கோ பெட்டிக்குள் போயிருந்தது. அதைப் பிடுங்கி நேராக ஒலிபெருக்கியில் செருகினாள். பைக்குள்ளிருந்து குச்சிகளை எடுத்தாள். தூரிகைகளை மெத்தைமேல் எறிந்தாள்.

"அக்கா, வேண்டாம்க்கா" என்றான் தம்பி, உதடு அசையாமல்.

அவள் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினாள். பழைய கொதிகலனின் வேகம். நெட்டை பிடித்துக்கொண்டான். டீச்சர் மினுமினுப்பு ஒலிகளை எல்லாம் அணைத்துவிட்டு வெறும் பியானோவில் இறங்கினாள். முதல் அடியில் ஷோரூம் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"கையை எடு!"

எக்கோ இல்லை, மேகம் இல்லை. மடிப்பு மேசையில் யார் காதிலும் விழாமல் போன அதே குரல், இப்போது எண்பது பேர் முகத்தில் அறைந்தது. தோள் மேசை இல்லை என்றது. முதுகு சுவர் இல்லை என்றது. முதல் வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு ஆட ஆரம்பித்த ஓர் இளம் தம்பதி, வரி புரிந்ததும் கையை விட்டார்கள். மெத்தை முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. பில் போடும் இடத்தில் இருந்த பெண் எழுந்து, சுவரோரமாக நடந்து, முன்னால் வந்து நின்றாள். அவள் பார்வை வாசிப்பவர்கள்மேல் இல்லை. தன் கடையின் மேலாளர்மேல் இருந்தது.

தம்பி வாசிக்கவில்லை. கிடார் கழுத்தில் தொங்க, மெத்தைமேல் வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தான். முழுப்பாட்டும் கிடார் இல்லாமலேயே முடிந்தது.

அதன்பின் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. விளம்பரம் போச்சு. பஞ்சுமேகம் என்ற பெயர் கம்பெனிக்குச் சொந்தம் என்று கடிதம் வந்தது. "வெச்சுக்கட்டும், எனக்கென்ன" என்றாள் இடி. யாரோ எடுத்த வீடியோ பரவியது. பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்டவர்களிடமெல்லாம் இடி மறைக்காமல் சொன்னாள். எங்களை ஏமாற்றிவிட்டாய், எங்கள் பாட்டைக் கெடுத்துவிட்டாய் என்று ரசிகர்களில் பாதிப்பேர் திட்டினார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று அழுதாள். சலவைக்கூடத்தின் பெயரைக் கெடுத்ததாக முதலாளியம்மா இடியைக் கூப்பிட்டுக் கத்தினாள். அந்தச் சமயம் ஜோடி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் பின்னால் மடிப்பு மேசையிலிருந்து ஒன்பது பேர், இரண்டாவது கிளையிலிருந்து மூன்று பேர். எல்லோர் கையிலும் எழுதிக்கொண்டு வந்த காகிதம் இருந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தது. அந்த ஆள் "சொந்தக் காரணங்களுக்காக" விலகிக்கொண்டதாகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இடி அதைக் கிழித்தாள். மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கிழித்தாள். இப்படி ஐந்து நாள்.

ஞாயிற்றுக்கிழமை இடமும் போய்விட்டது. நெட்டை தன் பஸ் பணிமனையில் டயர் அடுக்கும் கொட்டகையைக் கேட்டு வாங்கினான். மூன்று பேராக வாசித்தார்கள். பழையபடி வெறும் கூச்சலாகவும் போக இடிக்கு மனசில்லை. அந்த மிதக்கும் ஒலியை உண்மையிலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளுடைய பெரிய எரிச்சல்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை தம்பி கொட்டகை வாசலில் வந்து நின்றான். முடியை வெட்டியிருந்தான். ஒரு காகிதத்தை நீட்டினான். பாட்டை எழுதியவர் பெயரை மாற்றச் சொல்லிக் கம்பெனிக்குப் போட்ட கடிதத்தின் நகல்.

"அந்த வானொலிக்கும் போய் உண்மையைச் சொல்லிட்டேன்க்கா. ஒலிபரப்புவாங்களான்னு தெரியல."

"சரி."

"கோவம் போச்சா?"

"போகல" என்றாள் இடி. "போகும்னு நீ எதிர்பாக்காதே. நானும் எதிர்பாக்கல."

அவன் தலையாட்டினான். போகவும் இல்லை. நெட்டை தொண்டையைச் செருமிக்கொண்டான். டீச்சர் கீபோர்டிலேயே கண்ணாக இருந்தாள்.

"எக்கோ பெட்டி கொண்டு வந்தியா?" என்று இடி கேட்டாள்.

"கொண்டு வரல. இனிமே அது வேண்டாம்னு நினைச்சேன்."

"யாரைக் கேட்டு வேண்டாம்னு நினைச்சே? வேணும். போய் எடுத்துட்டு வா. ஆனா அதோட ஸ்விட்ச் என் காலடியில இருக்கும். எப்ப மூடணும், எப்பத் திறக்கணும்னு நான்தான் மிதிப்பேன். அதுக்கேத்த மாதிரி வயரை நீட்டிக்கிட்டு வா."

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். டயர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வயரைப் பற்றவைத்தான். அன்றைக்கு ஒரு புதுப் பாட்டை எடுத்தார்கள். மூன்றாவது வரியிலேயே தம்பி தாளம் தப்பினான். இடி குச்சியை அவன் பக்கம் நீட்டி வண்டை வண்டையாகத் திட்டினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"எல்லாம் சரி, இந்தக் குழுவுக்கு இப்ப என்னதான் பேரு?" என்று நெட்டை கேட்டான்.

இடி மறுபடி நான்கு எண்ணினாள்.